அரைப் போத்தலுக்கு ஒரு பில்

இந்த முறை ஊரில் மூன்று கிழமை நின்றேன். கலியாண வீடு, கோயில், வட்டக்கச்சிக் காணி அளப்பு எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. எழுத வந்தது ஒரு பில்லைப் பற்றி.

சுவிஸ், பேர்னில் என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் முள்ளியவளைக்காரர். அவருக்குப் பனஞ்சாராயம் வாங்கவேண்டும். முதல் நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை, மது விற்கமாட்டார்கள் என்பதை மறந்தே போனேன், கள்ளுத் தவறணை முதற்கொண்டு எல்லாம் பூட்டு. மறுநாள் கிளிநொச்சியில் ஒரு கடையில் போத்தலை வாங்கிவிட்டுப் பில் கேட்டேன்.

"பில்லோ? இஞ்ச ஆர் அண்ணை பில் கேக்கிறது?"

கடைக்காரர் மிச்சக் காசைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். நான் நகரவில்லை, பின்னால் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். கடைசியில் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சுவிஸில் ஒரு பாண் வாங்கினாலும் துண்டு கையில் வரும். இங்கே அதைக் கேட்பவனைக் குழப்பக்காரன் போலப் பார்க்கிறார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

போன பயணத்தில் பட்டது எனக்குத்தான் தெரியும். மூன்று போத்தலோடு, 2.25 லீற்றர், சூரிச் விமான நிலையத்தில், சுங்கத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியால் நடந்தேன். 18 வீதத்துக்கு மேற்பட்ட மதுவில் ஆளுக்கு 1 லீற்றர்தான் வரியில்லாமல் விடுவார்கள். "பிள்ளையளின்ர பங்கும் சேரும், கொண்டு போ" என்று மாமா சொல்லியிருந்தார். 17 வயதுக்குக் கீழே பங்கே கிடையாது. சுங்கத்திடம் நானே முதலில் சொல்லியிருந்தால் லீற்றருக்கு 15 பிராங்படி 18.75 பிராங்கோடு முடிந்திருக்கும். சொல்லாமல் போனதற்குத் தண்டம் வேறு. விலையைக் கேட்டபோது காட்ட ஒரு துண்டும் என்னிடம் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை, கிளிநொச்சிக் கடையில் போத்தலைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்னேரம் மாமா என்னை ஒரு பனைவளக் கூட்டுறவு விற்பனை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். மேசையில் இருந்த தங்கச்சி நான் வாய் திறக்கமுதல் கேட்டாள்: "எந்த நாடு அண்ணா?"

சுவிஸ் என்றேன். ஒரு பழைய கொப்பியைத் திறந்தாள். வந்து போகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைத்ததாம். லண்டனுக்குச் சாராயம் 4 லீற்றர், ஜேர்மனிக்கு 1, சுவிஸுக்கும் 1. "கள்ளு எண்டால் 18 வீதத்துக்குக் கீழதானே, அது 5 லீற்றர் மட்டும் கொண்டு போகலாம். கைப்பைக்குள்ள வைக்காதேங்கோ, 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்கள்." எல்லாம் சரி! நான் சுங்கத்திடம் தண்டம் கட்டிப் படித்ததை அவள் கொப்பியில் வைத்திருந்தாள்.

மாமா ஒரு முழுப்போத்தலோடு அரைப் போத்தலையும் வைக்கச் சொன்னார். 750உம் 375உம் 1,125 மில்லி. "125 கூட. ரண்டு பிராங்கும் வராது, சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள். பிறகு கார்பன் தாள் வைத்து அளவு, வீதம், விலை எல்லாம் எழுதி முத்திரை குத்தினாள்.

அந்த முத்திரைச் சத்தம் என்னை எங்கேயோ கொண்டு போனது. ஏ9 வீதி திறந்திருந்த அந்தச் சமாதான காலத்தில் ஓமந்தையில் இராணுவத்திடமும் புளியங்குளத்தில் புலிகளிடமும் பைகளை இரண்டு தரம் இறக்கிக் காட்டி, வரி கட்டி, துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவோம். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அதை எறிய விடமாட்டா.

போத்தல்களைச் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். சூரிச்சில் சிவப்பு வழியால் போய் 125 மில்லியைச் சொன்னேன். அதிகாரி பில்லை வாங்கிப் பார்த்தார், காசை எடுத்தார், நல்ல நாள் என்றார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை.

முள்ளியவளை அண்ணை போத்தலை மேசையில் வைத்துவிட்டு அந்தத் துண்டைத்தான் முதலில் எடுத்தார். கையால் தமிழில் 'பனஞ்சாராயம்' என்று எழுதியிருந்தது. தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.