வேட்பாளரா, வாக்கெடுப்பா? அரிசோனாவில் கருக்கலைப்புச் சட்டம் தேர்தலுக்கு வந்தபோது

2024 தேர்தல் பருவத்தில் அரிசோனாவில் கருக்கலைப்பு உரிமைக்காக உழைக்க விரும்பியவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. அந்த உரிமையை ஆதரிக்கும் வேட்பாளர்களுக்காக வீடு வீடாகப் போகலாம். அல்லது, அதே வாக்குச்சீட்டில் தனிக் கேள்வியாக இடம்பெற்ற ‘முன்மொழிவு 139’க்காகப் போகலாம். வார இறுதி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓட முடியாது. நான் முன்மொழிவின் பக்கம் போனேன். இப்போதும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அன்றைய அளவு நிச்சயத்துடன் அல்ல.

கருக்கலைப்பு சரியா தவறா என்று இங்கே வாதிடப் போவதில்லை. என் நிலைப்பாடு மேலேயே தெரிந்துவிட்டது. எதிர்த்தரப்பில் உழைப்பவர்களுக்கும் இதே தேர்வு உண்டு, கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

இந்தியாவில் வாக்களித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றலாம். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் குடிமக்களே கையெழுத்துத் திரட்டி, மாநில அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும்படி வாக்காளர்களை நேரடியாகக் கேட்க முடியும். அரிசோனாவில் 2024இல் அதற்குத் தேவைப்பட்டவை 3,83,923 கையெழுத்துகள். 139க்கு ஆதரவாகக் கொடுக்கப்பட்டவை 8 லட்சத்துக்கும் மேல். கரு தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழக்கூடிய நிலையை எட்டும்வரை கருக்கலைப்பு அடிப்படை உரிமை, அதன் பிறகும் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ தேவையென்றால் தடையில்லை என்பது திருத்தத்தின் சாரம்.

முதலில் வேட்பாளர் வழி. இதன் சாதக பாதகங்களில் பாதி எல்லோருக்கும் தெரிந்தவை. வேட்பாளர் என்பவர் ஒரு மூட்டை. கருக்கலைப்போடு வரி, எல்லைப் பாதுகாப்பு, தண்ணீர், பள்ளி எல்லாம் சேர்ந்தே வரும். வாக்குறுதி கொடுப்பார், பிறகு மறப்பார். இதையெல்லாம் நீட்டி முழக்கத் தேவையில்லை.

இந்த வழியின் பலத்தை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2022இல் அரிசோனாவின் தலைமை வழக்கறிஞர் பதவிக்குக் கிறிஸ் மேய்ஸ் வென்றார். ஏறத்தாழ 25 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முன்னிலை வெறும் 280 வாக்குகள். அந்த 280 என்ன செய்தது என்பது 2024 ஏப்ரல் 9 அன்று தெரிந்தது. அரிசோனா ஒரு மாநிலமாக ஆவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1864இல் எழுதப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. தாயின் உயிரைக் காக்க அன்றி மற்ற எல்லாக் கருக்கலைப்புக்கும் உதவுபவருக்கு 2 முதல் 5 ஆண்டு சிறை என்றது அது. அந்தச் சட்டத்தை அமல்படுத்தலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தன் அலுவலகம் இந்தச் சட்டத்தின் கீழ் யார்மீதும் வழக்குத் தொடராது என்று மேய்ஸ் அன்றே அறிவித்தார். ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஓர் ஆணை பிறப்பித்து, கருக்கலைப்பு வழக்குகளின் அதிகாரத்தை மாவட்ட வழக்கறிஞர்களிடமிருந்து தலைமை வழக்கறிஞரிடம் மாற்றியிருந்தார். இந்த இருவர் இடத்திலும் வேறு ஆட்கள் இருந்திருந்தால் அந்த ஏப்ரல் மாதம் மருத்துவர்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பிறகு சட்டமன்றம் 1864 சட்டத்தை ரத்து செய்தது. எப்படி? மேலவையில் 16க்கு 14. குடியரசுக் கட்சியினர் இருவர் கட்சி மாறி வாக்களித்ததால் மட்டுமே அது நடந்தது. அவர்களில் ஒருவர் ஷானா போலிக். அந்தச் சட்டத்தை அமல்படுத்தலாம் என்று தீர்ப்பளித்த நால்வரில் ஒருவரான நீதிபதி கிளின்ட் போலிக்கின் மனைவி. கணவர் உயிர்ப்பித்த சட்டத்தை மனைவி புதைத்தார். எழுதுபவனுக்கு நல்ல தீனிதான். ஆனால் ஒரு மாநிலத்துப் பெண்களின் உரிமை ஒரே ஓர் உறுப்பினரின் மனமாற்றத்தில் தொங்கியது என்று யோசித்தால் சிரிப்பு வராது.

இனி வாக்கெடுப்பு வழி. இதில்தான் நான் உழைத்தேன், ஆகவே நீளமாகவே சொல்வேன்.

வேட்பாளருக்காக வீடு வீடாகப் போகிறவர்களின் கையில் இருக்கும் பட்டியல் பெரும்பாலும் சொந்தக் கட்சிக்காரர்களின் பட்டியல். வாசலில் எதிர்க்கட்சிப் பலகை இருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். நேரம் வீணாகும் என்பார்கள், அதுவும் நியாயம்தான். எங்கள் பட்டியலில் கட்சி சாராதவர்களும் குடியரசுக் கட்சியினரும் கலந்திருந்தார்கள். சாண்ட்லர் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் டிரம்ப் பலகை நட்டிருந்தது. கதவைத் திறந்த பெரியவர் துண்டறிக்கையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார். “அவருக்கும் போடுவேன், இதற்கும் போடுவேன். ஆஸ்பத்திரி அறைக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்றார். வேட்பாளர் பட்டியலோடு போயிருந்தால் இந்த மனிதரிடம் பேசியிருக்கவே மாட்டேன்.

அவர் விதிவிலக்கு அல்லர் என்பதை முடிவுகள் காட்டின. அரிசோனாவில் டிரம்ப் 52 சதவீதத்துக்குச் சற்று மேலே பெற்று வென்றார். அதே நாளில், அதே வாக்காளர்களிடம், 139க்கு 61 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு கிடைத்தது. கட்சியை விட்டுக்கொடுக்காமல் கொள்கையை மட்டும் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு இடம் தருகிறது. 2022 ஆகஸ்டில் கான்சஸ் போன்ற பழமைவாத மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை அரசமைப்பிலிருந்து நீக்கும் திருத்தத்தை 59 சதவீதம் பேர் நிராகரித்ததும் இதே காரணத்தால்தான்.

நடைமுறைச் சங்கடங்களும் உண்டு. அந்த ஆண்டு அரிசோனா வாக்குச்சீட்டில் மாநில அளவில் மட்டும் 13 முன்மொழிவுகள். வேட்பாளர்கள், நீதிபதிகள், முன்மொழிவுகள் என்று போய்க்கொண்டே இருந்தது. மரிகோபா மாவட்டத்தில் தாள் இரண்டானது. மேலே உள்ள பெயர்களை நிரப்பிவிட்டுக் களைத்துப்போய் தபால் வாக்கு உறையை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் நான் கொள்கையே பேசவில்லை. “பின்பக்கமும் பாருங்கள், இரண்டாவது தாளையும் பாருங்கள்” என்பதுதான் என் பரப்புரை.

நண்பர்கள் வைத்த எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். வாக்கெடுப்பு மக்களுக்கு ஒரு தப்பிக்கும் வழியைக் கொடுக்கிறது. 139க்கு ஆம் என்று போட்டுவிட்டு, அந்த உரிமையை எதிர்ப்பவர்களையே சட்டமன்றத்துக்கும் அனுப்பிவிடுகிறார்கள் என்றார்கள். அது நடந்தது. அந்தத் தேர்தலில் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் குடியரசுக் கட்சியின் பலம் கூடியது. 1864 சட்டத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த நீதிபதிகளில் போலிக், கேத்ரின் கிங் இருவரும் பதவியில் தொடர வேண்டுமா என்ற கேள்வியும் அதே சீட்டில் இருந்தது. தொடரட்டும் என்றே மக்கள் போட்டார்கள். இந்த வாதத்துக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை.

ஆனாலும் நான் வாக்கெடுப்பின் பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம், வென்ற பிறகு அது எவ்வளவு நாள் நிற்கும் என்பது. வெல்வதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வென்றதைப் பராமரிக்க என்ன செலவாகும் என்று பேசுபவர்கள் குறைவு.

வேட்பாளர் வழியில் கிடைக்கும் பாதுகாப்பின் ஆயுள் அவருடைய பதவிக்காலம். சட்டமன்றத்துக்கு இரண்டு ஆண்டு, ஆளுநருக்கும் தலைமை வழக்கறிஞருக்கும் நான்கு. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து உழைக்க வேண்டும், ஒரு முறை தோற்றால் ஆளுநரின் ஆணை அடுத்தவரின் ஒரே கையெழுத்தில் போய்விடும். அரசமைப்புத் திருத்தம் அப்படியல்ல. அரிசோனா சட்டமன்றம் அதைத் தானாக ரத்து செய்ய முடியாது. மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் மக்களிடம்தான் வர வேண்டும். 61 சதவீதம் கொடுத்தவர்களிடம் போய் அதைத் திருப்பிக் கேட்பது எளிதல்ல.

இதைச் செலவே இல்லாத பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திருத்தம் நிறைவேறிய மறுநாள் பழைய சட்டங்கள் புத்தகத்திலிருந்து தாமாக உதிர்ந்துவிடவில்லை. 15 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடைசெய்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில்தான் அது செல்லாது என்று தீர்ப்பானது. அந்தச் சட்டத்தைக் காக்க மேய்ஸின் அலுவலகம் வாதாடவில்லை. வேறொரு தலைமை வழக்கறிஞர் இருந்திருந்தால் மேல்முறையீடு, தடையாணை என்று வழக்கு இழுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். 24 மணி நேரக் காத்திருப்பு போன்ற மற்ற விதிகளுக்குத் தனி வழக்கு வேறு. ஆக, திருத்தத்துக்கும் ஒரு காவலாள் தேவை, அந்தக் காவலாளை வேட்பாளர் தேர்தல்தான் தருகிறது.

மிசௌரி இன்னும் கடுமையான பாடம். அங்கே 2024 நவம்பரில் திருத்தம் 52 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஆதரவோடு நிறைவேறியது. அடுத்த ஆண்டு நீதிமன்ற உத்தரவுகளுக்கு ஏற்ப மருத்துவ நிலையங்களில் சேவை தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. 2025 மே மாதத்துக்குள் மாநிலச் சட்டமன்றம் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்யும் கேள்வியை 2026 வாக்குச்சீட்டில் வைக்க முடிவெடுத்துவிட்டது. மெல்லிய பெரும்பான்மையில் வென்றால் பராமரிப்புச் செலவு கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விதிகளையே மாற்றும் ஆட்டமும் உண்டு. ஒஹாயோவில் 2023 நவம்பரில் கருக்கலைப்புத் திருத்தம் வரவிருந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டில் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தி, திருத்தங்களுக்கு 60 சதவீதம் தேவை என்று மாற்றப் பார்த்தார்கள். மக்கள் மறுத்தார்கள், நவம்பரில் திருத்தம் ஏறத்தாழ 57 சதவீதத்தோடு நிறைவேறியது. ஃபுளோரிடாவில் அதே 57 சதவீதம் 2024இல் தோல்வி. அங்கே 60 விதி 2006 முதலே இருக்கிறது. அந்த விதியைக் கொண்டுவந்த திருத்தமே 58 சதவீதத்தைத் தொடாமல்தான் வென்றது என்பது தனிக் கூத்து.

எதிர்த்தரப்புக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது என்றேன். 2024இல் நெப்ராஸ்காவில் போட்டித் திருத்தங்கள் இரண்டு ஒரே சீட்டில் வந்தன. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தடைசெய்வது வென்றது, உரிமையை விரிவாக்குவது தோற்றது. தெற்கு டகோட்டாவிலும் உரிமைத் திருத்தம் தோற்றது. மக்களிடம் கேட்டால் நாம் விரும்பும் பதிலே வரும் என்ற உத்தரவாதம் யாருக்கும் கிடையாது.

மூன்றாவதாக நீதிபதித் தேர்தல் என்று ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி நான் பார்த்ததைவிடப் படித்ததே அதிகம், ஆகவே சுருக்கமாக. விஸ்கான்சினில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டித் திருத்தம் கொண்டுவரும் வழி கிடையாது. அங்கே 2023 ஏப்ரலில் நடந்த உச்ச நீதிமன்றத் தேர்தலே கருக்கலைப்பு வாக்கெடுப்பு போலாகிவிட்டது. ஜேனட் புரோட்டசெவிச் எளிதாக வென்றார். 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் 1849ஆம் ஆண்டுச் சட்டம் இனி கருக்கலைப்புக்குத் தடையாகாது என்று 4க்கு 3இல் தீர்ப்பளித்தது. பலன் கிடைத்தது உண்மை. நீதிபதி வேட்பாளர் ஒருவர் ஒரு கொள்கைக்காக வாக்குக் கேட்பதில் எனக்குள்ள கூச்சம் இன்னும் போகவில்லை.

ஆகவே எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே தேர்வு. டெக்சஸ் போன்ற இடங்களில் குடிமக்களுக்கு வாக்கெடுப்பு வழியே இல்லை. அங்கே வேட்பாளரை விட்டால் வேறு கதி இல்லை. நாடு முழுவதற்குமான கூட்டாட்சித் தடை ஒன்று வந்தால் மாநிலத் திருத்தங்கள் அதைத் தாங்குமா என்ற கேள்வியும் நாடாளுமன்ற வேட்பாளர்களிடம்தான் போகிறது. கையெழுத்துத் திரட்டும் வழி இருந்து, எதிரே 60 சதவீதச் சுவர் இல்லாமலும் இருந்தால், தயங்காமல் அந்தப் பட்டியலை வாங்குங்கள் என்பேன்.

அரிசோனாவில் 2026 நவம்பரில் ஆளுநர், தலைமை வழக்கறிஞர் பதவிகள் இரண்டும் தேர்தலுக்கு வருகின்றன. 139 ஏற்கெனவே அரசமைப்பில் ஏறிவிட்டது. அதன்படி வாதாடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாற்காலி தலைமை வழக்கறிஞருடையது. 280 வாக்கில் தீர்ந்த போட்டியும் அதற்குத்தான். இந்த முறை என் வார இறுதிகள் அந்தப் பட்டியலுக்கு.