மோட்டார்ஹோம் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போய்விட்டால் எதை வாங்குவது: சாதா, பாதுகாப்போடு சேர்ந்தது, இல்லை கையால் மாற்றுவதா?

ஜெனரேட்டர் ஓடுகிறது, உள்ளே மட்டும் கரண்ட் வரவில்லை. அல்லது கேம்ப்கிரவுண்டில் பிளக்கைச் சொருகியதும் படுக்கைக்கு அடியிலிருந்து டர்ர்ர் என்று ஓர் அதிர்வு. அல்லது கருகிய பிளாஸ்டிக் வாடை. அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் கெட்டுப்போனது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். வெளிக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வண்டியின் பேனலுக்கு (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டிக்கு) விடுவதுதான் அதன் வேலை. ஜெனரேட்டர் வைத்த கடைகளில் கைப்பிடியைத் திருப்புவோமே, அந்த சேஞ்ச்ஓவர் தானாகவே மாறிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எதை வாங்குவது என்பதற்கு முன், பழையது ஏன் போனது என்று பாருங்கள். வெளிப் பிளக்கைக் கழற்றிக் கையோடு எடுத்து வையுங்கள். பிரேக்கரை மட்டும் அணைத்தால் போதாது. ஜெனரேட்டரின் ஆட்டோ ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மீட்டர் வைத்து எல்லா முனையிலும் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகே கையை வையுங்கள். மூடியைத் திறந்ததும் முதலில் வெள்ளை வயரை, அதாவது நியூட்ரலைப் பாருங்கள். நியூட்ரல் லக்கின் (வயரைத் திருகிப் பிடிக்கும் முனை) அருகே வயரின் மேலுறை பழுப்பேறி இளகியிருந்தால், உள்ளே செம்பு இழைகள் பளபளப்பு போய்க் கறுத்திருந்தால், காரணம் திருகு தளர்ந்ததுதான். வண்டி ஓடும்போது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. 50 ஆம்ப் இணைப்புள்ள வண்டியில் 6 கேஜ் அளவுள்ள தடி வயர். அது வளைந்து நின்று திருகை இழுத்துக்கொண்டே இருக்கும். தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் இன்னும் தளரும்.

நியூட்ரல் முழுக்க அறுந்தால் ஆபத்து வேறு மாதிரி. 50 ஆம்ப் வண்டிக்கு இரண்டு 120 வோல்ட் லைன் வருகிறது. இரண்டுக்கும் இடையே 240 வோல்ட். நடுவில் நியூட்ரல் இல்லாவிட்டால் ஒரு லைனில் இருக்கும் மைக்ரோவேவும் மறு லைனில் இருக்கும் டி.வி.யும் வரிசையாக இணைந்த மாதிரி ஆகிவிடும். குறைவாகக் கரண்ட் இழுக்கும் டி.வி.யின் மேல் 200 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறலாம். பிரேக்கர் விழாது. சாமான்கள் போன பிறகுதான் தெரியும்.

வயர் நன்றாக இருந்து, காண்டாக்டரின் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்ச்) முனைகள் மட்டும் குழி விழுந்து கரிந்திருந்தால் குறைந்த வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். கோடை மதியத்தில் கேம்ப்கிரவுண்டில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். முனைகளை இழுத்துப் பிடிக்கும் காந்தச் சுருளான காயில் (coil), பிடித்து நிற்கச் சக்தியில்லாமல் ஒட்டி விட்டு, ஒட்டி விட்டு அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தீப்பொறி. அந்த முனைகளை அரம் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே இருக்கும் வெள்ளிக் கலவைப் பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கருகும். அதே காயில் வோல்டேஜ் உள்ள காண்டாக்டரை வாங்கி அதை மட்டும் மாற்றலாம், பெட்டி கருகாமல் இருந்தால்.

இப்போது கடையில் இருப்பவை. முதலாவது, சாதா ஆட்டோமேட்டிக் சுவிட்ச். புரோகிரஸிவ் டைனமிக்ஸ், ஐயோட்டா போன்றவர்கள் செய்வது: ஒரு பெட்டி, காண்டாக்டர்கள், ஒரு சின்ன டைமர் பலகை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் இருபது, முப்பது வினாடி பொறுத்து லோடைத் தரும். அந்தத் தாமதம் இல்லாத மாடலை வாங்காதீர்கள். எஞ்சின் சீராவதற்குள் ஏசியை ஏற்றினால் முனைகளுக்கும் கேடு, ஜெனரேட்டருக்கும் கேடு. இதைவிட முக்கியம் காயில் எந்த வோல்டேஜுக்கு என்பது. பல மோட்டார்ஹோம் ஜெனரேட்டர்களில் இரண்டு லைனும் ஒரே ஃபேஸ். இடையே அளந்தால் பூஜ்யம் வோல்ட். 30 ஆம்ப் பெடஸ்டலில் (கேம்ப்கிரவுண்டில் பிளக் சொருகும் மின் தூண்) அடாப்டர் போட்டுச் சொருகினாலும் அப்படித்தான். இரண்டு லைனுக்கும் நடுவே 240 கேட்கும் காயில் அங்கே அசையவே அசையாது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120-ல் பிடிக்கும் காயிலாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் யு.எல். 1008 (டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பும் சேர்ந்து ஒரே பெட்டியில் வருவது. சவுத்வயரின் சர்ஜ் கார்டு 40350 வரிசை இதில் பெயர் பெற்றது. வோல்டேஜ் 102-க்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் அறுத்துவிடும். நியூட்ரல் அறுந்ததையும் கவனிக்கும். கம்ப்ரஸர் பாழாகாமல் இருக்க, மறுபடி கரண்ட் கொடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரே பெட்டி என்பதால் வயர் இணைப்புகளும் குறைவு. ஆனால் சாதா சுவிட்சைவிட விலை பல மடங்கு, பெட்டியும் பெரிது. பழைய இடத்தில் அடங்குமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. காண்டாக்டர் தேயும் பொருள், என்றாவது ஒருநாள் மாற்றியே ஆக வேண்டும். அது தேய்ந்தால் அத்தனை விலையுள்ள பெட்டியையும் அவிழ்க்க வேண்டிவரும்.

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி: சாதா சுவிட்ச் ஒன்று, தனியாக ஓர் ஈ.எம்.எஸ். பெட்டி (கரண்டைக் கண்காணித்து, கோளாறு வந்தால் அறுத்துவிடும் பாதுகாப்புப் பெட்டி). புரோகிரஸிவ் இண்டஸ்ட்ரீஸின் ஹெச்.டபிள்யூ.50சி இதற்கு நல்ல உதாரணம். 104 வோல்ட்டுக்குக் கீழும் 132-க்கு மேலும் அறுக்கும், இரண்டு லைனின் வோல்ட்டும் ஆம்பும் திரையில் ஓடும், கோளாறு வந்தால் குறியீடு காட்டும். அதன் எலெக்ட்ரானிக்ஸ் மக்கர் செய்தால் பைபாஸில் (கண்காணிப்பைத் தாண்டிக் கரண்ட் போகும்படி) போட்டுவிட்டு இரவைக் கழிக்கலாம். இதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுவிட்சுக்கு முன்னால் வைத்தால் குறைந்த வோல்டேஜிலிருந்து சுவிட்சைக் காக்கும். பின்னால், அதாவது சுவிட்சுக்கும் பேனலுக்கும் நடுவே வைத்தால், சுவிட்சின் உள்ளேயே நியூட்ரல் லக் கருகி அறுந்தாலும் பிடித்துவிடும். ஜெனரேட்டரின் கரண்டும் கண்காணிப்புக்குள் வரும். நான் பின்னால் வைப்பதையே சொல்வேன். 150, 200 டாலர் சுவிட்ச் போனால் போகட்டும். ஃப்ரிட்ஜும் ஏசியும் பிழைக்க வேண்டும்.

கையால் மாற்றுவதை மட்டமாக நினைக்க வேண்டாம். சிறிய வண்டிகள் பலவற்றில் வயர் வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஜெனரேட்டர் பிளக் பாயிண்ட் இருக்கும். வெளி வயரை அதில் சொருகினால் ஜெனரேட்டர், கழற்றிப் பெடஸ்டலில் சொருகினால் வெளிக் கரண்ட். இரண்டும் சேர வழியே இல்லை, தேய ஒரு பாகமும் இல்லை. நடுராத்திரி மழையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அரிசோனா வெயிலில் நாயை உள்ளே விட்டு வெளியே போகிறவர்களுக்கு இது கூடவே கூடாது: பெடஸ்டலில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகியும் பயனில்லை. திருப்பும் சுவிட்ச் போடுவதாக இருந்தால் லைன்களோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதாக இருக்கட்டும். வண்டியின் ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் அங்கேயே இணைந்திருக்கும். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 551-ஆம் பிரிவு வண்டியின் பேனலில் அவை இணையக் கூடாது என்கிறது. வீடுகளுக்கு விற்கும் இரண்டு துருவ சுவிட்ச் நியூட்ரலைத் தொடாது, அதனால் இங்கே உதவாது.

30 ஆம்ப் வண்டிக்காரர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஒரே லைன், 3,600 வாட். நியூட்ரல் அறுந்தால் சாமான் நின்றுபோகும், எரிந்துபோகாது. சாதா சுவிட்ச் போதும்.

எதைப் போட்டாலும் லேபிளில் எழுதியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்குங்கள். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் கரண்டை முழுக்க அறுத்துவிட்டு மறுபடி ஒரு முறை முறுக்கிப் பாருங்கள், முதலில் நியூட்ரலை.