எம்.ஆர்.எஃப் ஜாப்பர் பின் டயர், 19,400 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வண்டி பழைய பல்சர் 150. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம், வாரத்தில் ஆறு நாளும் பின் சீட்டில் பீஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர் என்று சுற்றுவேன். இந்த 100/90-17 சைஸ் டயரை 2024 ஜனவரியில் மாட்டினேன், போன வாரம்தான் கழற்றினேன். அந்தப் பாரத்துக்கு 19,400 கிலோமீட்டர் உழைத்தது எனக்கு முழுத் திருப்தி. மறுபடியும் அதையே வாங்கிப் போட்டுவிட்டேன்.

ஆனால் 2024-ல் ஜாப்பரை வாங்கும்போது கடையில் நான் முதலில் கேட்டது விலையை அல்ல, டயர் செய்த தேதியை. அதற்குக் காரணம் ஜாப்பருக்கு முன் போட்டிருந்த டயர். 2022-ல் ஒரு கடைக்குப் போய், எடுத்துக் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு வந்தேன். 13,000 கூட ஓடியிருக்காது. தாளவாடியில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு மழையில் திம்பம் மலை இறங்கும்போது, அந்த 27 வளைவில் ஏதோ ஒன்றில் பின் சக்கரம் சர்ரென்று விலகியது. பின்னால் மனைவி, நடுவில் பையன். விழவில்லை, ஆனால் பண்ணாரி வந்து சேரும்வரை கை நடுங்கியது.

மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "பட்டன் இருக்குதுங்கண்ணா, ரப்பர் செத்துப்போச்சுங்க" என்றார். பட்டன் என்றால் டயர் மேலே ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள். பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்புகள். அங்கேயே 1118 என்ற எண்ணைக் காட்டினார். 2018-ம் வருடம் 11-வது வாரம் செய்த டயர். நான் வாங்கும்போதே அதற்கு நாலு வயது. வெயிலில் நிற்கிற வண்டிக்கு ரப்பர் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும், இறுகின ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது. எவ்வளவு பட்டன் இருந்து என்ன பிரயோசனம்?

எல்லா டயரிலும் இந்த நாலு எண் இருக்கும், ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பதையும், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்பதையும் சொல்லும். ஜாப்பரில் 4623 இருந்தது, அதாவது 2023 நவம்பர், இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்புறம் சைஸுக்குப் பக்கத்தில் 55P என்று இருப்பதையும் கவனியுங்கள். 55 என்றால் அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும், P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. மூட்டை கட்டி ஓட்டுகிறவர்கள் விலை குறைகிறதே என்று இந்த எண்ணில் கீழே இறங்காதீர்கள்.

தேய்மானம் பற்றிச் சொல்கிறேன். முதல் 150 கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்டினேன், புது டயரின் மேல்பூச்சு போகும்வரை எதுவாக இருந்தாலும் வழுக்கும். அதற்குப் பிறகு 15,000 வரை ஒரு குறையும் இல்லை. பாரமும் நேர் ரோடும்தான் என் ஓட்டம், அதனால் போகப்போக நடுப்பகுதி மட்டும் தட்டையானது. வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரு படி இறங்குகிற மாதிரி இருக்கும், அதுதான் முதல் அறிகுறி. அடுத்தது பஞ்சர்: கடைசி மாதத்தில் மட்டும் மூன்று. ரப்பர் மெலிந்தால் சின்ன ஆணி கூட உள்ளே போய்விடும். அப்போது பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ (TWI, தேய்மானத்தைக் காட்டும் குறி) என்று போட்டிருக்கிற இடத்துக்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தேன், அங்கே இருக்கும் சின்ன மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்திருந்தன. அதற்கு மேல் ஒரு நாள் கூட ஓட்டக்கூடாது, மாற்றிவிட வேண்டும்.

காற்று விஷயத்தில் நான் கறார். திங்கட்கிழமை காலை, வண்டி சூடாவதற்கு முன், கம்பெனி சொன்ன அளவுக்குப் பிடிப்பேன். குறைந்தால் ஓரம் தேயும், கூடினால் நடு தேயும். இந்தப் பழக்கம் இல்லாமல் 19,000 வந்திருக்காது.

முன் டயர் 31,000 ஓடியும் பட்டன் நன்றாகவே இருக்கிறது, முன்பக்கம் எப்போதும் மெதுவாகத்தான் தேயும். ஆனால் அதில் இருக்கும் எண் 3120. ஐந்து வருடம் தாண்டிவிட்டது, வால்வுப் பக்கம் லேசாக வெடிப்பும் தெரிகிறது. அடுத்த முறை தாளவாடி போவதற்கு முன் அதையும் மாற்றுகிறேன்.