வெட்டாத நையாண்டி: சி-ஸ்பான் வீடியோ காப்பகம் எப்படி?

அரசியல் அவையில் காமெடியனுக்கு என்ன வேலை என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இரண்டு நிமிடத் துணுக்கை வைத்துத்தான் நடக்கிறது. துணுக்கில் நக்கல் இருக்கும். அதற்கு முன்னால் கேட்ட கேள்வியும் பின்னால் வந்த பதிலும் இருக்காது. அமெரிக்க அரசியலைப் பொறுத்தவரை இந்தக் குறைக்கு மருந்து, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் நிகழ்வுகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் சேனலின் வீடியோ காப்பகம். 1987 முதலான ஒளிபரப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2010-ல் மொத்தத்தையும் இணையத்தில் திறந்துவிட்டார்கள். பழைய பதிவுகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

சி-ஸ்பானை அரசு சேனல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது 1979-ல் கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. பெரும்பாலும் அவர்கள் கட்டும் பணத்தில்தான் ஓடுகிறது. காங்கிரஸ் நிகழ்வின்மேல் வர்ணனை பேச மாட்டார்கள். நையாண்டியை எடைபோட இதுதான் பெரிய வசதி: எங்கே சிரிக்கணும், எங்கே முகம் சுளிக்கணும் என்று யாரும் காதில் ஓதுவதில்லை.

தேடுவது எளிது. தேடல் பெட்டியில் ஆளின் பெயரைப் போட்டால் அவருக்கென்று ஒரு பக்கம் திறக்கும். அவர் தலைகாட்டிய நிகழ்ச்சிகள் தேதியோடு வரிசையாக நிற்கும். வீடியோவுக்குக் கீழே எழுத்துப் படி ஓடுகிறது. அதில் ஒரு சொல்லைத் தேடி வரியைச் சொடுக்கினால் படம் நேராக அந்த இடத்துக்குத் தாவும். ஆனால் அந்த எழுத்துப் படி ஒளிபரப்பின்போது தட்டிய வசன வரிகள்தான், பிழை திருத்தாதவை. மேற்கோள் எடுப்பவர்கள் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் எடுக்கக் கூடாது. அறை சிரித்தால் அதற்கு ஒரு குறிப்பு விழலாம். அறை உறைந்துபோனால் அதைக் காட்ட எந்தக் குறியும் இல்லை. நையாண்டியில் பாதிச் செய்தி அந்த மௌனத்தில்தானே இருக்கிறது?

சோதித்துப் பார்க்க நல்ல பதிவு 2010 செப்டம்பர் 24. பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவுக்குக் கீழே இயங்கும் குடியேற்றத் துணைக் குழு. தலைவர் ஸோ லாஃப்கிரன். பேசுபொருள் பண்ணைத் தொழிலாளர்கள். பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்டுரோ ராட்ரிகஸ் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி காமெடியன் ஸ்டீபன் கோல்பேர், ஒரு நாள் வயலில் வேலை பார்த்துவிட்டு, தன் தொலைக்காட்சி வேஷமான வலதுசாரி அலட்டல்காரராகவே வந்து உட்கார்ந்தார். முழுக் குழுவின் தலைவர் ஜான் கான்யர்ஸ், கோல்பேரிடம் எழுத்து வாக்குமூலத்தை வைத்துவிட்டு வெளியேறும்படி ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். அழைத்தவர் லாஃப்கிரன், அவர் சொன்னால் போகிறேன் என்று கோல்பேர் சொல்லிவிட்டார். துணுக்குகளில் பெரும்பாலும் வெட்டுப்படுவது இந்த இடம்தான்.

இதைப் புரிந்துகொள்ள விசாரணை நடக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். சாட்சி தன் வாக்குமூலத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் சுருக்கத்தை வாயால் சொல்ல ஐந்து நிமிடம். நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு. பிறகு உறுப்பினர்கள் கட்சி மாற்றி மாற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் கேள்வி கேட்பார்கள். கோல்பேர் எழுதிக் கொடுத்தது ஒன்று, பேசியது வேறு. அவர்மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு இதுதான். ஊடகங்கள் பிடித்துக்கொண்டதோ, தன் குடல் பரிசோதனை வீடியோவைப் பதிவேட்டில் சேர்க்கச் சொன்ன நக்கலை. அது அவையின் சடங்கு மொழியைக் கிண்டலடிக்கிறது, அவ்வளவுதான். தொழிலாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தக்காளியை மெக்சிகோக்காரர் பறிக்கக் கூடாது, அமெரிக்கர்தான் பறிக்க வேண்டும், குவாத்தமாலாக்காரர் நறுக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகும் இடம் வேறு ரகம். ஒவ்வொரு நாட்டின் பெயரும் விவாதத்தின் கழுத்திலேயே கை வைக்கிறது.

ஆனால் ஐந்து நிமிடப் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். கேள்வி நேரத்துக்குப் போங்கள். ஒரு நாள் வேலை பார்த்தால் நிபுணராகிவிடுவீர்களா என்று குழு உறுப்பினர் லமார் ஸ்மித் கேட்கிறார். தான் எதையும் ஒரே நாள் படித்தால் நிபுணர்தான் என்ற தொனியில் பதில் வருகிறது. வேஷம் தாங்குகிறது. பிறகு இன்னொரு உறுப்பினர் ஜூடி சூ, இந்த விஷயத்தில் உங்களுக்கு ஏன் அக்கறை என்று கேட்கிறார். கோல்பேர் தயங்கி, வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அதிகாரம் இல்லாதவர்களைப் பற்றிப் பேசுகிறார். குரலின் வேகமே இறங்கிவிடுகிறது. நையாண்டி அவைக்குள் வரலாமா என்ற கேள்விக்கு இந்தப் பகுதிதான் உரைகல்: நக்கலடித்தவர் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் பதிவேட்டில் ஏறும்.

அதே காப்பகத்தில் 2006 ஏப்ரல் 29 வெள்ளை மாளிகை நிருபர்கள் சங்க விருந்தையும் (அதிபரை வைத்துக்கொண்டே காமெடியன் கிண்டலடிக்கும் ஆண்டு விருந்து) பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதலில் அன்றைய அதிபர் புஷ், தன்னைப் போலவே பேசும் மிமிக்ரி கலைஞர் ஸ்டீவ் பிரிட்ஜஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சிரிக்க வைக்கிறார். பிறகு கோல்பேர், அறை மெல்ல மெல்லச் சில்லிடுகிறது. பேச்சு 2010-ல் பேசியதைவிடக் கூர்மையானது, சந்தேகமில்லை. ஆனால் யாரும் எதிர்க்கேள்வி போட முடியாது, சொன்னவரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சண்டை எல்லாம் மறுநாள் வெளியே நடக்கிறது. அதே விருந்தில் 2018-ல் காமெடியன் மிஷெல் வுல்ஃப் பேசியபிறகு அழைத்த சங்கமே விலகி நின்று அறிக்கை விட்டது. 2019-ல் காமெடியனுக்குப் பதில் வரலாற்றாசிரியர் ரான் செர்னாவ் பேசினார். 2025-ல் காமெடியன் ஆம்பர் ரஃபினை அழைத்துவிட்டு ரத்து செய்தார்கள். இலகுவான இடம் என்று நாம் நினைக்கும் விருந்துதான் நையாண்டிக்கு மோசமான இடம். விசாரணை அறை எவ்வளவோ தேவலை.

காப்பகத்தின் குறைகளையும் சொல்லிவிடலாம். சபை மன்றத்துக்குள் இருக்கும் கேமராக்கள் சி-ஸ்பானுடையவை அல்ல. சபையே இயக்குகிறது, எதைக் காட்டுவது என்பதும் அவர்கள் முடிவு. (பிரிட்டனில் இன்னும் கெடுபிடி. அங்கே நாடாளுமன்றக் காட்சிகளைக் கேலி நிகழ்ச்சியில் பயன்படுத்தவே கூடாது என்று விதி.) சி-ஸ்பானின் சொந்தக் கேமரா இருக்கும் குழு விசாரணையிலும் சட்டகம் ஏமாற்றும். 2019 ஜூன் 11 அன்று காமெடியன் ஜான் ஸ்டூவர்ட், 9/11 மீட்புப் பணியாளர்களுக்காகப் பேசிய பதிவில் காலி நாற்காலிகள் நெஞ்சை அடைக்கும். அவரும் அந்தக் காலி இடங்களைக் காட்டித்தான் வெடித்தார். ஆனால் விசாரித்தது துணைக் குழு, அறையோ முழுக் குழுவுக்குப் போட்டது. இந்தத் தகவலை வீடியோ பக்கம் தராது, தனியாகத் தேட வேண்டும். ஒரு ஜோக்கும் அடிக்காமல் ஒரு காமெடியன் அவையை உலுக்கிய பதிவு அது. அந்த மீட்புப் பணியாளர்களுக்கான மசோதா அடுத்த மாதமே செனட்டில் 97-2 என்று நிறைவேறியது.

துணுக்கு வெட்டும் கருவியும் உண்டு; அதற்குக் கணக்கு தொடங்க வேண்டும். தொடக்கத்தை நக்கலுக்கு அரை நிமிடம் முன்னால் வையுங்கள், முடிவை அடுத்தவர் வாய் திறந்தபிறகு வையுங்கள். வெட்டியதை வேறு தளத்தில் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2006 விருந்துத் துணுக்குகளை யூடியூபிலிருந்து எடுக்கச் சொன்னதே சி-ஸ்பான்தான். 2007-ல் கொள்கையைத் தளர்த்தினார்கள்: காங்கிரஸ் விசாரணை போன்ற அரசு நிகழ்வுகளை, பெயர் குறிப்பிட்டு, லாப நோக்கமில்லாமல் பகிரலாம். நிருபர்கள் விருந்து அரசு நிகழ்வு அல்ல. அந்தத் தளர்வை நம்பி அதைப் போட வேண்டாம்.