வடிகாலா, உறைகிணறா, மோட்டாரா? மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவின் கேள்வி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தெருவில் எல்லாருக்கும் அதே கதைதான். அதனால் புதிய மழைநீர் வடிகால் பற்றிப் பேசக் கூப்பிட்டதும் நாற்காலி போதாத அளவுக்குக் கூட்டம் வந்துவிட்டது. கவுன்சிலரும் உதவிப் பொறியாளரும் வந்திருந்தார்கள். பேசப் பேச மூன்று கட்சியாகப் பிரிந்தோம்.

முதல் கட்சி, பொறியாளர் சொன்ன கான்கிரீட் வடிகால். சாலையோரம் பள்ளம் எடுத்து ரெடிமேட் பெட்டிகளை இறக்கி, இடையிடையே வண்டல் தொட்டி வைப்பார்கள். ஒரு பெண் எழுந்து, "ஆறு மாசம் தோண்டிப் போட்டா எங்கம்மாவ வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸுக்கு எப்படி சார் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். "பத்து வீடா எடுத்து முடிச்சு மூடிட்டுதாம்மா அடுத்த பத்து வீட்டுக்குப் போவோம்" என்றார் பொறியாளர். அதை எழுத்தில் கேட்டிருக்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாவது கட்சி, வடிகாலே வேண்டாம், வீட்டுக்கு வீடு உறைகிணறு போட்டுத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கலாம் என்றது. மூன்றாவது தெருப் பெரியவர் ஒருவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி பக்கம் வடிகால் வேண்டாமென்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அது மணல் பூமி. பெய்கிற மழையை அங்கே மண்ணே குடித்துவிடும். வடிகால் போட்டால் நிலத்தடி நீர்தான் வீணாகும். நம்முடையது சதுப்பு நில ஓரத்துக் களிமண். கணக்கும் உதைக்கிறது. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 22,000 லிட்டர். 3 அடி அகலம், 15 அடி ஆழ உறைகிணறு காலியாக இருந்தாலே கொள்வது 3,000 லிட்டர்தான். நவம்பர் கடைசியில் நம் பகுதிக் கிணறுகள் காலியாகவும் இருப்பதில்லை, கையால் மொண்டுவிடலாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். கோடைக்கு அது அவசியம், அதைத் தூர் எடுத்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். புயல் நாளில் அதை நம்பி உட்கார முடியாது.

மோட்டார் வைத்து இறைக்கலாம் என்ற மூன்றாவது கட்சி சீக்கிரமே அடங்கிவிட்டது. இறைத்த தண்ணீர் அடுத்த தெருக்காரர்கள் வாசலுக்குத்தான் போகும். அவர்களும் வரி கட்டுகிறவர்கள்.

ஆக வடிகால்தான் என்று நானும் கை தூக்கினேன். ஆனால் அகலமும் ஆழமும் கேட்டு முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: இது எங்கே போய் விழுகிறது, அந்த இடத்தின் மட்டம் என்ன?

கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போகிறது. பள்ளிக்கரணைத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு வரை போய்த்தான் கடலைப் பார்க்கிறது. வழியில் எங்கே நிறைந்து நின்றாலும் பின்னால் இருப்பது நகராது. நம் வடிகால் போய்ச் சேர வேண்டிய உபரிக் கால்வாய் நிரம்பி வடிகாலின் வாய்க்கு மேலே நின்றுவிட்டால், அதே பெட்டி வழியாகத் தண்ணீர் நம் தெருவுக்கு ஏறி வரும். காசு செலவழித்து வெள்ளத்துக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பொறியாளர் மழுப்பவில்லை. கால்வாயோடு இணைக்கும் கடைசித் துண்டு அடுத்த கட்டத்தில்தான் வரும் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் எனக்கு மாறுபாடு. வடிகாலைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிக் கட்டி வர வேண்டும். தெருவில் முதலில் கட்டிவிட்டு முனையை மூடி வைத்தால் அது வடிகாலல்ல, நீளமான தொட்டி. ஒரே மாதத்தில் கொசு பெருகும். யாராவது ராத்திரியில் கழிவுநீர்க் குழாயை அதில் சொருகிவிட்டால் முதல் மழைக்கே வாசலில் சாக்கடை நிற்கும்.

இன்னொன்று, சாலை உயரம். மேலே மேலே தார் போட்டு என் வீட்டு வாசல் சாலைக்கு ஒன்றரை அடி கீழே போய்விட்டது. சாலைத் தண்ணீரை வடிகால் வாங்கிக்கொள்ளும், என் வாசலில் தேங்குவதை வாங்காது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, எங்கள் தெருவில் வீடு கட்டும் கொத்தனார் தன்னுடைய டியூப் லெவலோடு (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வருகிறார். தெருமுனையிலிருந்து உபரிக் கால்வாய்க் கரை வரை மட்டம் பிடித்துக்கொண்டே நடக்கப் போகிறோம். வரைபடத்தை எடுத்துக்கொண்டு தானும் வருவதாகப் பொறியாளர் சொல்லியிருக்கிறார்.