ஒலிக்கலைப் பட்டமா, ஒலிப்பொறியியல் பட்டமா?

ஒலி தொடர்பான பட்டப்படிப்புகளின் கையேடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். அதே மிக்ஸர் மேசை, ஹெட்போன் மாட்டிய அதே மாணவி, அதே மென்பொருள் பெயர்கள். ஒலியையே கலைப்படைப்பாக்கக் கற்றுத்தரும் ‘டிஜிட்டல் இசை மற்றும் ஒலிக்கலை’ பட்டத்துக்கும் (சுருக்கமாக ஒலிக்கலை), ஒலியைத் துல்லியமாகப் பதியவும் ஒலிக்கவைக்கவும் கற்றுத்தரும் ஒலிப்பொறியியல் பட்டத்துக்கும் உள்ள தூரம் அந்தப் படங்களில் தெரியாது. வகுப்பறைக்குள் போனால் தெரிந்துவிடும்.

4 மீட்டர் நீளமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அறையில் போய்த் திரும்ப 8 மீட்டர்; அதனால் நொடிக்குச் சுமார் 43 முறை அதிரும், அதாவது 43 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அதிரும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் கீழ் ஸ்வரங்கள் சரியாக அங்கேதான் விழுகின்றன. சுவரோரம் நின்றால் அந்த ஸ்வரம் நெஞ்சில் இடிக்கும்; அறையின் நடுவில் மெலிந்துபோகும்.

ஒலிப்பொறியியல் மாணவருக்கு இது கோளாறு. சுவரில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டினால் தீராது, ஏனென்றால் அந்த அலையின் நீளம் 8 மீட்டர். ஸ்பீக்கரை நகர்த்தி, கேட்கும் இடத்தை மாற்றி, மூலைகளில் தடித்த உறிஞ்சிகளை நிறுத்தி, மைக் வைத்து மறுபடி அளக்க வேண்டும். ஒலிக்கலை மாணவருக்கோ அந்த முழக்கம்தான் மூலப்பொருள். 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தன் பேச்சைப் பதிவுசெய்து, அறைக்குள் ஒலிக்கவிட்டு, அதையே மீண்டும் பதிவுசெய்தார். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய சொற்கள் கரைந்து, அந்த அறையின் அதிர்வெண்கள் மட்டும் மிஞ்சின. ஒரே இயற்பியல்தான். ஒருவர் அடக்கப் பார்ப்பதை மற்றவர் வளர்க்கிறார்.

இரண்டுக்கும் நல்ல வம்சாவளி உண்டு. பொறியியல் பக்கத்தில், ஜெர்மனியின் டெட்மோல்டில் 1949இலேயே ஒலிப்பதிவு வல்லுநர்களை உருவாக்கும் டோன்மைஸ்டர் படிப்பு தொடங்கியது. இசையறிவும் மின்னணுவியலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. பிரிட்டனின் சரே பல்கலைக்கழகமும் அதே பெயரில் இப்படிப்பை நடத்துகிறது. இசைக்குறிப்பை வாசிக்கத் தெரியாதவருக்கும் கணிதத்தைக் கண்டு ஓடுபவருக்கும் அந்தக் கதவு எளிதில் திறக்காது. ஒலிக்கலையின் வேரைத் தேடினால் 1948இல் பாரிஸ் வானொலியில் ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து கோத்து இசையாக்கிய பியேர் ஷாஃபேரிடம் போய் நிற்போம். ஒலிக்கலையில் சேரப் பெரும்பாலும் உங்கள் படைப்புத் தொகுப்பைத்தான் கேட்பார்கள். வாத்தியம் வாசிக்கத் தெரியாதவரும் சேரலாம்.

அதற்காக இது சுலபமான வழி என்று எண்ணிவிடக் கூடாது. பொறியியலில் விடை தவறென்றால் அளவுகோல் சொல்லிவிடும். ஒலிக்கலையில், ஓர் இடத்தில் ஸ்பீக்கர்களைப் பொருத்தி ஒலிக்கவிடும் நிறுவல் படைப்பு ஒன்றை வைத்துவிட்டு, சக மாணவர்களும் ஆசிரியரும் அதைக் கூறுபோடுவதை நின்று கேட்க வேண்டும். எட்டு ஸ்பீக்கர் ஏன், இரண்டு போதாதா என்பார்கள். பதில் இல்லாவிட்டால் படைப்பு சரிந்துவிடும். போதாக்குறைக்கு எழுத்து வேலை. ஏன் செய்தேன், எந்தக் கலைஞர்களின் வழியில் வருகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பீட் போடக் கற்றுக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் இங்கேதான் முகம் சுளிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; பட்டத்தின் பெயரில் ‘டிஜிட்டல் இசை’ என்றுதானே இருக்கிறது!

வேலை என்று பார்த்தால் பொறியியலின் பாதை நேரானது. ஒலிப்பதிவு, ஒளிபரப்பு, நேரடி நிகழ்ச்சி என்று பதவிகளுக்குப் பெயர் இருக்கிறது. ஒலிக்கலைப் பட்டதாரி அருங்காட்சியகம், நாடகம், வீடியோ கேம், நடனக் குழு என்று துண்டு துண்டாக வேலை சேர்ப்பவர். மாதச் சம்பளம்தான் முதல் கவலை என்றால் நான் தயங்காமல் பொறியியலைத்தான் சொல்வேன். ஒரு பதிவைத் துப்புரவாக்கும்போது, நீக்க வேண்டிய இரைச்சலிலேயே உங்கள் காது லயித்துவிடுகிறது என்றால் மட்டும் ஒலிக்கலைக்குப் போங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கணினி இசை ஆய்வு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறைதான் (ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் ஆட்டிப் புது ஒலி உண்டாக்குவது) 1983இல் யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசராகக் கடைக்கு வந்தது. நிரல் எழுதுவதில் ருசி இருப்பவர்களுக்கு இந்த வழி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

பட்டமே எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஒலியை உருவாக்கும் மென்பொருள்களான ப்யூர் டேட்டாவும் சூப்பர்கொலைடரும் இலவசம். இந்தத் துறையின் வகுப்புகளில் புழங்கும் கருவிகள் அவை. வீட்டில் கிடைக்காதவை பல ஸ்பீக்கர்கள் பொருத்திய அறையும், முகத்துக்கு நேரே ‘இது சரியில்லை’ என்று சொல்லும் பத்துப் பேரும். ஆகவே எந்தத் துறையாக இருந்தாலும் சேரும் முன் அந்த அறை மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். போன ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் சமர்ப்பித்தவற்றையும் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு மழுப்பினால், வீட்டிலிருந்தே ப்யூர் டேட்டாவில் தொடங்கிவிடலாம்.