மங்கிய எக்ஸ்ரே படம்: எம்.ஏ.எஸ். கூட்டுவதா, கே.வி. கூட்டுவதா, குழாயைக் கிட்டக் கொண்டுவருவதா?

சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், கடைவீட்டுக் கிளினிக்கின் பின்னறை எக்ஸ்ரே எந்திரத்துக்கு ஒரே நாளில் பலவித உடம்புகள் வரும். காலையில் ஃபோமேமா என்ற கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு ஒல்லியான வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அடுத்து இடுப்பு வலியோடு பருமனான ஒரு முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி. மாலையில் உள்ளங்கையில் முள் ஏறிய செம்பனைக் குலை வெட்டுபவர். படம் சரியாக விழவில்லை என்றால் கை முதலில் போவது எம்.ஏ.எஸ். (குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) பொத்தானுக்குத்தான். பல சமயம் அது தவறான பொத்தான்.

எக்ஸ்ரே கற்றையில் இரண்டு விஷயங்கள் உண்டு. எத்தனை ஃபோட்டான் (கதிர்த் துகள்) வருகிறது என்பது அளவு. ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலோடு வருகிறது, உடம்பைத் துளைத்து மறுபக்கம் போகுமா என்பது தரம். எது குறைகிறது என்று படமே சொல்லும். டிஜிட்டல் திரையில் வெளிச்சத்தை மென்பொருள் தானே சரிசெய்துவிடும். அதனால் கறுப்பு வெள்ளையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. படம் முழுக்க மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் அளவு போதவில்லை. நுரையீரல் தெளிவாக இருந்தும் இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு தெரியாமல் வெள்ளையாக நின்றால் ஊடுருவல் போதவில்லை.

முதல் வழி எம்.ஏ.எஸ். 200 மில்லியாம்பியரில் 0.1 விநாடி என்றால் 20 எம்.ஏ.எஸ். இதை 40 ஆக்கினால் ஃபோட்டான் சரியாக இரண்டு மடங்கு. தோல் வாங்கும் கதிரும் இரண்டு மடங்கு. ஃபோட்டான்களின் சராசரி ஆற்றல் துளியும் மாறாது. முன்பு நூற்றுக்கு எத்தனை உடம்பைத் தாண்டியதோ, இப்போதும் நூற்றுக்கு அத்தனைதான் தாண்டும். புள்ளித் தொல்லைக்கு இது சரியான மருந்து, ஊடுருவலுக்கு அல்ல. நேரத்தை நீட்டிக் கூட்டுவதும் நெஞ்சுப் படத்தில் ஆபத்து. “தாரிக் நாபாஸ், தாஹான்” (மூச்சை இழு, பிடி) என்று சொன்னாலும் இதயம் நிற்காது. அதன் விளிம்பு கலங்கிவிடும். குழாய் தாங்குமானால் 400 மில்லியாம்பியரில் 0.05 விநாடி என்று வைப்பதே மேல். எம்.ஏ.எஸ். அதே 20தான், அசைவு பாதி.

இரண்டாவது வழி கே.வி., அதாவது குழாயின் மின்னழுத்தம். இது அளவு, தரம் இரண்டையும் ஒருசேரத் தூக்கும். குழாயிலிருந்து வெளிவரும் அளவு ஏறக்குறைய கே.வி.யின் வர்க்கத்தில் ஏறும். உடம்பைத் தாண்டிப் படம் பிடிக்கும் பலகையில் விழும் அளவோ அதைவிட வேகமாக ஏறும். 15 விழுக்காடு கே.வி. கூட்டினால் எம்.ஏ.எஸ்.ஸை இரட்டிப்பாக்கிய பலன் என்ற பழைய கணக்கு இதிலிருந்து வந்ததுதான். அந்தப் பருமனான தொழிலாளியின் இடுப்புப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 70 கே.வி., 40 எம்.ஏ.எஸ். என்பதை 80 கே.வி., 20 எம்.ஏ.எஸ். என்று மாற்றினால் பலகைக்கு ஏறத்தாழ அதே அளவு போய்ச் சேரும். வெளிவரும் கற்றையோ 80/70இன் வர்க்கமான 1.3இல் பாதி, அதாவது 0.65 மடங்கு. தோல் வாங்கும் கதிரில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இது சின்ன விஷயமல்ல.

கே.வி.க்கும் விலை உண்டு. சிதறல் கூடும், படத்தில் வேறுபாடு குறையும். 120 கே.வி. நெஞ்சுப் படத்தில் விலா எலும்புகள் மெலிந்து அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நுரையீரல் நிழல்கள் தெரியும். காசநோய் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்கு 10:1 அல்லது 12:1 கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தட்டி) வேண்டும். கிரிட் இல்லாத கிளினிக்கில் 120 வைத்தால் படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். அங்கே 80ஐ ஒட்டியே நிற்பதுதான் நல்லது.

மூன்றாவது வழியைப் பரிந்துரைக்க மாட்டோம். குழாயை 180 செ.மீ.யிலிருந்து 100க்குக் கொண்டுவந்தால் அளவு 3.24 மடங்காகும், தரம் மாறவே மாறாது. இதயம் பெரிதாக விழும். போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால் வீக்கம் என்று தவறாக எண்ண இடமாகும். அறை ஒடுங்கியது, 150 செ.மீ.தான் கிடைக்கும் என்றால் 180க்கு வைக்கும் எம்.ஏ.எஸ்.ஸை 1.44ஆல் வகுக்க வேண்டும், 10 எம்.ஏ.எஸ். 7 ஆகும். அந்தத் தூரத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, எப்போதும் அங்கிருந்தே எடுக்க வேண்டும்.

பொத்தானில் இல்லாத ஒன்று வடிகட்டி. 70 கே.வி.க்கு மேல் வேலை செய்யும் குழாய்க்கு மொத்தம் 2.5 மி.மீ. அலுமினியத்துக்குக் குறையாத வடிகட்டல் வேண்டும். குழாயின் கண்ணாடி, அதைச் சுற்றிய எண்ணெய், கோலிமேட்டரின் (கற்றையின் பரப்பைக் குறுக்கும் பெட்டி) கண்ணாடி எல்லாம் இதில் சேர்த்தி. உடம்பைத் தாண்டாமல் தோலிலேயே தங்கிவிடும் மெல்லிய கதிர்களை இது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அளவு குறையும், தரம் ஏறும். பழுதுபார்த்தவர் தகட்டைத் திரும்ப மாட்ட மறந்தால் படத்தில் எந்தக் குறையும் தெரியாது, நோயாளியின் தோல்தான் வாங்கும். அதனால் கோலிமேட்டரைத் திறந்த ஒவ்வொரு முறையும் அரைமதிப்புத் தடிமனை (கற்றையைப் பாதியாக்கும் அலுமினியத் தடிமன்) அளக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளுக்கு 0.1 மி.மீ. செம்பும் சேர்ப்பது உண்டு.

பழைய எந்திரமா புதியதா என்பதும் இதே கேள்விதான். பழைய ஒற்றைக் கட்ட எந்திரத்தில் மின்னழுத்தம் நிலையாக நிற்காது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை சுழிக்கு விழுந்து எழும். கட்டுப்பாட்டுப் பலகையில் 80 என்று காட்டினாலும் பெரும்பகுதி நேரம் 80க்குக் கீழேதான். உயர் அதிர்வெண் எந்திரத்தில் ஏற்ற இறக்கம் 1 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். அதே கே.வி.யில் கற்றை கூடுதலாகவும் கடினமாகவும் வரும். புது எந்திரம் வந்த அன்றே சுவரில் ஒட்டிய பழைய அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியிலிருந்து தொடங்கிச் சோதித்துப் புதிதாக எழுதலாம்.

பட்டணத்துக் கோடியில், மின்கம்பி முடியும் இடத்தில் இருக்கும் கிளினிக்குகளுக்கு இன்னொன்று. பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் 5 விழுக்காடு இறங்கி, எந்திரம் அதை ஈடுகட்டாவிட்டால், பலகைக்குப் போகும் அளவில் ஏறக்குறைய கால்வாசி காணாமல் போகும். காலையில் நல்ல படம், பத்து மணிக்குப் புள்ளி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எந்த மாற்றத்தைச் செய்தாலும் திரையில் விலகல் எண்ணை (தேவையான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) படித்துவிடுங்கள். +3 என்றால் தேவைக்கு இரண்டு மடங்கு, -3 என்றால் பாதி. டிஜிட்டலில் கூடுதலாகக் கொடுத்த படம் அழகாகவே இருப்பதால், யாரும் கவனிக்காமல் எம்.ஏ.எஸ். மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.

மாலையில் வந்த குலை வெட்டுபவருக்கு 50 கே.வி.யில் கைப்படம் எடுத்தால் எலும்பு அருமையாகத் தெரியும், முள் பெரும்பாலும் தெரியாது. செம்பனை முள் தசையைப் போலவே கதிரை விட்டுவிடுகிறது. அவரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். இரண்டாவது படம் வேண்டாம்.